காவல் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நிரந்தர இடம் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

காவல் அருங்காட்சியகங்களைப் பெரும்பாலும் யாரும் திட்டம் போட்டுத் தொடங்குவதில்லை. பழைய கைவிலங்கு ஒன்றைக் குப்பையில் போட மனம் வராத ஓர் அதிகாரி அதைத் தன் மேசை இழுப்பறையில் வைக்கிறார். அடுத்து ஒரு தொப்பி, ஒரு விசில், ஓரம் கிழிந்த குற்றப் பதிவேடு. இழுப்பறை அலமாரியாக வளர்கிறது, அலமாரி ஓர் அறையாகிறது. பிறகு ஒருநாள் அந்த அறை கணினிப் பிரிவுக்குத் தேவைப்படுகிறது. அறுபது ஆண்டு வரலாறு அட்டைப் பெட்டிகளில் ஏறி மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கையில் பெட்டிகள் இருக்கின்றன, வைக்க இடமில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வுபெற்ற காவலர் சங்கமாக இருக்கலாம், துறைக்குள்ளேயே பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட ஒருவராக இருக்கலாம், உள்ளூர் வரலாற்றில் ஆர்வம் கொண்ட சிலராக இருக்கலாம். எல்லோரும் முதலில் செய்யும் காரியம் கட்டடம் பார்க்கப் போவது. அதை நான்காவதாகச் செய்யுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. நிரந்தரம் என்பதைச் சுவர்கள் தருவதில்லை. பொருள்கள் யாருடையவை, இடத்தின் மீது உங்களுக்கு என்ன உரிமை, பத்தாவது ஆண்டில் மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இருந்தால்தான் அது வரும்.

முதல் படி: பொருள்கள் யாருடையவை என்று எழுதி முடியுங்கள்

லண்டன் பெருநகரக் காவல் துறையின் குற்ற அருங்காட்சியகம் 1870களில் உருவானது. அதற்கு வழிவிட்டது 1869ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. கைதிகளிடமிருந்து எடுத்த சில பொருள்களைப் பயிற்சிக்காகக் காவல் துறையே வைத்துக்கொள்ளலாம் என்று அச்சட்டம் அனுமதித்தது. ஆக, மிகப் பழைய காவல் சேகரிப்புகளில் ஒன்றுக்கு அடித்தளமே ஓர் உரிமை ஆவணம்தான். இன்று பல சேகரிப்புகளிடம் அது இல்லை.

உங்கள் பொருள்களை நான்கு வகையாகப் பிரித்துப் பாருங்கள்: துறையின் சொத்து, வழக்குச் சொத்து, குடும்பங்கள் கொடுத்த அன்பளிப்பு, இரவல். துறைச் சொத்துக்கு உரிமை மாற்று ஆணை வேண்டும். அன்பளிப்புக்குக் கொடுத்தவரோ வாரிசோ கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். இரவல் பொருள்தான் பிற்காலத்தில் அதிகத் தலைவலி தருவது. "தாத்தாவின் பதக்கத்தைச் சும்மா பார்க்கத்தான் கொடுத்தோம்" என்று பேரன் வந்து நிற்கும்போது காட்டுவதற்கு உங்களிடம் ஒரு தாள் இருக்க வேண்டும்.

வழக்குச் சொத்தில் கூடுதல் கவனம் தேவை. தீர்வு காணாத கொலை வழக்கின் கத்தி உங்கள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் அது காட்சிப்பொருள் ஆகாது, இன்னும் சான்றுதான். மரபணுச் சோதனை வந்த பிறகு, பல பத்தாண்டுகள் பழைய துணித் துண்டுகூட ஒரு வழக்கைத் திறக்க முடியும். நீதிமன்றமோ உரிய அதிகாரியோ விடுவித்ததற்கான சான்று இல்லாத எதையும் தனியே முத்திரையிட்டு வையுங்கள், கையால் தொடாதீர்கள்.

இதே கட்டத்தில் இன்னொரு கேள்வியும் எழும்: அருங்காட்சியகம் என்பது சட்டப்படி யார்? ஒரு குழுவால் குத்தகையில் கையெழுத்திட முடியாது. சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். துறையின் ஒரு பிரிவாகவே இருந்தால் சம்பளமும் பாதுகாப்பும் எளிது. ஆனால் தலைமை மாறும்போது ஆர்வமும் மாறும். தனி அறக்கட்டளையாக இருந்தால் பணத்துக்குத் திண்டாட வேண்டும், ஆனால் ஒரே உத்தரவில் யாரும் மூடிவிட முடியாது. நான் இரண்டாவதன் பக்கம். துறைக்கு அறங்காவலர் குழுவில் இடம் கொடுங்கள், பெரும்பான்மை கொடுக்காதீர்கள். பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் 2022இல் ஏற்ற வரையறை, அருங்காட்சியகத்தை லாப நோக்கற்ற, நிரந்தரமான நிறுவனம் என்கிறது. அந்த வாக்கியத்தில் நிரந்தரம் என்ற சொல் ஒட்டியிருப்பது நிறுவனத்தோடு, கட்டடத்தோடு அல்ல.

இரண்டாம் படி: எண்ணுங்கள், அளவெடுங்கள், ஆபத்தானதைப் பிரியுங்கள்

எத்தனை பொருள் இருக்கிறது என்று கேட்டால் "நிறைய" என்று பதில் சொல்லும் குழுவுக்கு எந்தக் கட்டடம் பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு புகைப்படம், நீளம் அகலம் உயரம், தோராய எடை, தற்போதைய நிலை. இவ்வளவு போதும். அழகான விவரணைகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். காகிதக் கோப்புகளை அலமாரி மீட்டரில், அதாவது வரிசையாக அடுக்கினால் எத்தனை மீட்டர் நீளம் வரும் என்று, அளந்து கொள்ளுங்கள். மிகப் பெரிய பொருளையும் மிகக் கனமான பொருளையும் தனியாகக் குறித்துவையுங்கள். ரோந்து வாகனம் ஒன்று இருந்தால் உங்கள் தேடலில் பாதிக் கட்டடங்கள் கதவகலத்திலேயே கழிந்துவிடும்.

காவல் சேகரிப்பின் சிக்கல் அதன் கலவையில் இருக்கிறது. ஓவியக் கூடத்துக்கு ஓவியங்களைப் பற்றிய கவலை மட்டும்தான். இங்கே கம்பளிச் சீருடை, தோல் இடுப்புவார், துப்பாக்கி, பழைய புகைப்படக் கண்ணாடித் தகடு, நஞ்சுப் புட்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும். கம்பளியைப் பூச்சி அரிக்கும். தோலில் உள்ள கொழுப்பு பித்தளைக் கொக்கியோடு வினைபுரிந்து பச்சைப் பிசினாகக் கசியும். ஈயத் தோட்டாக்களை ஓக் மர அலமாரியில் வைத்தால், மரத்திலிருந்து வெளிவரும் அமில ஆவி பட்டு அவை வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும். பெருமைக்காகச் செய்த மரப் பேழையே தோட்டாவைத் தின்றுவிடும் கதை இது. உலோக அலமாரிதான் நல்லது.

1950களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்த நைட்ரேட் ஃபிலிம் சுருள்களும் நெகட்டிவ்களும் இன்னும் மோசம். சிதையச் சிதைய எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீரில் மூழ்கடித்தாலும் அணையாது. அவற்றைப் பொதுமக்கள் வரும் கட்டடத்தில் வைக்கவே கூடாது. வெடிபொருள், போதைப்பொருள் மாதிரிகள், இரத்தக்கறை படிந்தவை ஆகியவற்றுக்கும் நிபுணர் வந்து பார்த்த பிறகே இடம் ஒதுக்க வேண்டும். சுடும் நிலையில் உள்ள துப்பாக்கிகளுக்கு இரண்டே வழி: உரிமத்தோடு இரும்புக் காப்பறை, அல்லது முறைப்படி செயலிழக்கச் செய்வது. செயலிழக்கச் செய்தால் கருவியின் உட்பகுதி சிதைந்துபோகும். எனவே அரிய மாதிரிகளுக்கு அவசரப்பட்டு அதைச் செய்துவிடாதீர்கள்.

சிட்னியில் உள்ள நீதி மற்றும் காவல் அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய தடயவியல் புகைப்படத் தொகுப்பில் ஏறத்தாழ 1,30,000 நெகட்டிவ்கள் இருக்கின்றன. கைதானவர்களின் முகங்கள், விபத்து நடந்த தெருக்கள், கொலை நடந்த அறைகள். இன்று உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கும் அந்தத் தொகுப்பு, வெள்ளம் புகுந்த ஒரு கிடங்கிலிருந்து மீட்கப்பட்டது. எண்ணிக்கையும் பட்டியலும் இல்லாதபோது எதை இழந்தோம் என்பதுகூடத் தெரியாமல் போகும்.

அளவெடுத்த பிறகு கணக்குப் போடும்போது ஒரு தவறு வழக்கமாக நடக்கும். காட்சிக்கூடத்தின் பரப்பை மட்டும் கூட்டிப் பார்ப்பார்கள். சேமிப்பறை, புதிதாக வரும் பொருளைத் தனித்து வைக்கும் அறை, பழுதுபார்க்கும் மேசை, ஆய்வாளர் உட்கார்ந்து கோப்பு படிக்க ஓர் இடம், பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் பைகளோடு நிற்க ஒரு கூடம், கழிப்பறை, வண்டி வந்து நிற்கும் வாசல் எல்லாம் சேர்ந்தால் காட்சிக்கூடத்தைவிடப் பெரிதாகவே வரும். சேமிப்பறை ஏற்கெனவே குழம்பிக் கிடக்கிறது என்றால், பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான பன்னாட்டு மையமான ஐக்ரோமும் யுனெஸ்கோவும் சிறு அருங்காட்சியகங்களுக்காக உருவாக்கிய ரீ-ஆர்க் என்ற சீரமைப்பு முறையைப் பாருங்கள். குறைந்த செலவில் இருக்கும் இடத்தையே ஒழுங்குபடுத்தச் சொல்லித் தருகிறது.

மூன்றாம் படி: திறப்பு விழாவுக்குப் பிந்தைய செலவைக் கணக்கிடுங்கள்

கட்டடத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் கிடைப்பார்கள், கல்வெட்டில் பெயர் வரும் அல்லவா? காற்றுப் பதனக் கருவியின் பழுதுச் செலவுக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. மின்சாரம், காப்பீடு, காவல், துப்புரவு, குறைந்தது ஒரு முழுநேரப் பொறுப்பாளர், கூரைப் பழுதுக்கென ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகை என்று பத்து ஆண்டுக்கு எழுதுங்கள். வருமானப் பக்கத்தில் டிக்கெட்டை முதலில் எழுதாதீர்கள்.

வாஷிங்டனில் உள்ள தேசியச் சட்ட அமலாக்க அருங்காட்சியகத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி இடம் கொடுத்தது. நீதித்துறை சதுக்கத்தில், பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் அமைந்த அந்தக் கட்டடம் 2018 அக்டோபரில்தான் திறந்தது. இடம் உறுதியான பிறகும் பதினெட்டு ஆண்டுகள்! கட்டுமானத்துக்காகக் கடன் பத்திரங்கள் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த அளவு பார்வையாளர் வராததால் அந்தக் கடனே பின்னர் நெருக்கடியாயிற்று. தேசியத் தலைநகரில், அரசின் ஆதரவோடு நின்ற நிறுவனத்துக்கே இந்த நிலை. வருகை மதிப்பீட்டைப் பாதியாக வெட்டி, அப்போதும் கணக்கு நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் சிறிய இடம் தேடுங்கள். சிறிய இடம் அவமானம் அன்று.

நான்காம் படி: இப்போது கட்டடம் தேடலாம்

முதலில் மனத்தில் தோன்றுவது பழைய காவல் நிலையம். தவறில்லை. மான்செஸ்டரின் நியூட்டன் தெருவில் 1879இல் கட்டிய காவல் நிலையம் 1981 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே கைதிகள் தலைவைத்துப் படுத்த மரத் தலையணைகளோடு லாக்கப் அறைகள் அப்படியே உள்ளன. எந்த விளக்கப் பலகையும் சொல்லாததை அந்தத் தலையணை சொல்லிவிடும். சிட்னியில் 1850களில் எழுந்த நீர்க்காவல் நிலையமும் நீதிமன்றமும் அருங்காட்சியகமாயின. வான்கூவரில் 1932இல் கட்டிய பிணக்கூறாய்வுக் கூடத்தில் 1986 முதல் காவல் அருங்காட்சியகம் நடக்கிறது. ஹாலிவுட் நடிகர் எரால் ஃபிளின்னின் உடல் 1959இல் கூறாய்வு செய்யப்பட்டது அங்கேதான் என்பதைக் கேட்கவே பலர் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். கட்டடமே முதல் காட்சிப்பொருளாகிவிடுவது இவ்வகை இடங்களின் பலம்.

பலவீனமும் அதே கட்டடத்தில்தான். லாக்கப் கதவு குறுகல், சக்கர நாற்காலி நுழையாது. சிறையறைக்கு ஜன்னல் இருக்காது, ஈரம் வெளியேறாது. பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும்.

கட்டடத்தை மட்டும் பார்த்து, அது நிற்கும் மண்ணைப் பார்க்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் காவல் அருங்காட்சியகம் சான்று. காவல் நிலையமாகவே கட்டப்பட்ட, கம்பீரமான கல் கட்டடம், மன்ஹாட்டனின் தெற்கு முனையில், கிழக்கு ஆற்றுக்கு மிக அருகில். 2012 அக்டோபரில் சாண்டி புயல் ஆற்றை உள்ளே கொண்டுவந்தது. அருங்காட்சியகம் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. பொருள்களுக்கு எவ்வளவு பொருத்தமான இடமாக இருந்தாலும் வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் பேச்சைத் தொடங்காதீர்கள்.

இயங்கும் காவல் நிலையத்துக்குள் இடம் பெறுவது இன்னொரு வழி. பாரிஸில் தலைமைக் காவல் அதிகாரி லூயி லெப்பின் 1909இல் நிறுவிய அருங்காட்சியகம் இன்று ஐந்தாம் வட்டாரக் காவல் நிலையத்தின் மாடியில் இருக்கிறது. காவலுக்குத் தனிச் செலவில்லை, வாடகைச் சுமை குறைவு. ஆனால் காவல் நிலையப் படியேறத் தயங்கும் மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் உங்கள் அருங்காட்சியகத்தைப் பார்க்கவே மாட்டார்கள். பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் கதவும் முதலில் மூடப்படும்.

எனக்குப் பிடித்த வழி, வேறொருவரின் பெரிய திட்டத்துக்குள் ஒட்டிக்கொள்வது. லண்டன் போ (Bow) தெருவில் பழைய நீதிமன்றமும் காவல் நிலையமும் இருந்த கட்டடம் விடுதியாக மாறியபோது, அதன் ஒரு பகுதியில், முன்னாள் லாக்கப் அறைகளில் 2021இல் சிறிய காவல் அருங்காட்சியகம் திறந்தது. பழைய அரசுக் கட்டடம் ஒன்று தனியாருக்குக் கைமாறப் போகிறது என்று கேள்விப்பட்டால், திட்ட அனுமதி நிலையிலேயே போய் நில்லுங்கள். "தரைத்தளத்தில் இத்தனை சதுர மீட்டர் அருங்காட்சியகத்துக்கு" என்ற நிபந்தனையை அனுமதியில் ஏற்றிவிட்டால், பின்னால் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். கட்டுமானம் தொடங்கிய பிறகு போனால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

தனிக் கட்டடம் கிடைக்கவே இல்லை என்றால், நகர அருங்காட்சியகத்திலோ பல்கலைக்கழகக் காப்பகத்திலோ சேகரிப்பை ஒப்படைத்து, அங்கே நிலையான ஒரு கூடம் கேட்பதைப் பற்றி யோசியுங்கள். தனிப் பெயர்ப்பலகை போய்விடுமே என்ற வருத்தம் இருக்கும். ஆனால் லண்டன் குற்ற அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. 2015இல் அதன் பொருள்கள் பெரிய அளவில் மக்கள் பார்வைக்கு வந்தது லண்டன் அருங்காட்சியகம் என்ற வேறொரு நிறுவனத்தின் கூடத்தில்தான்.

ஐந்தாம் படி: மழை நாளில் போய்ப் பாருங்கள்

வெயில் நாளில் எல்லாக் கட்டடமும் நல்ல கட்டடம். பெருமழை பெய்யும்போது போய்க் கூரையின் உட்புறத்தையும் சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். மேல்தளத்தில் கழிப்பறைக் குழாய் எங்கே ஓடுகிறது என்று கேளுங்கள். அதன் நேர் கீழே சேமிப்பறை கூடாது. நிலவறையில் சேமிப்பு என்பதை யார் எவ்வளவு ஆசை காட்டினாலும் மறுத்துவிடுங்கள்.

தளத்தின் தாங்குதிறனைப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். சாதாரண அலுவலகத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 முதல் 300 கிலோ தாங்கும்படி கட்டப்படுகிறது. கோப்புகள் நிறைந்த நகரும் அலமாரிகள் அதைப்போல மூன்று நான்கு மடங்கு கேட்கும். காப்பறையின் இரும்புப் பெட்டியும் தரைத்தளத்தில்தான் நிற்க வேண்டும்.

வெப்பமும் ஈரப்பதமும் ஒரே நிலையில் அசையாமல் இருக்க வேண்டும் என்ற பழைய கெடுபிடி இப்போது தளர்ந்திருக்கிறது. 16 முதல் 25 டிகிரி செல்சியஸ், 40 முதல் 60 சதவீத ஈரப்பதம், அதற்குள் மெதுவான ஏற்ற இறக்கம் என்பது பெரும்பாலான பொருள்களுக்குப் போதும் என்று பெரிய அருங்காட்சியகங்களே ஏற்றுக்கொண்டுள்ளன. விலை குறைந்த பதிவுக் கருவி ஒன்றை அந்த அறையில் சில மாதம் வைத்துவிட்டு வாருங்கள், தரகரின் பேச்சைவிட அது நேர்மையாகப் பேசும். சீருடைகளுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம். பெரிய ஜன்னல்களை அடைக்க முடியுமா என்பதையும் கேட்டுவையுங்கள்.

ஆறாம் படி: பத்திரத்தில் கறாராக இருங்கள்

சொந்தமாக வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாதபோது நீண்டகாலக் குத்தகை. எத்தனை ஆண்டு? குறைந்தது 25, கிடைத்தால் 99. நிதி உதவி அளிக்கும் பல அமைப்புகள் குத்தகையில் எஞ்சிய காலத்தைப் பார்த்துத்தான் பணம் தரும். மூன்றாண்டு ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பம் போடுவது வீண்.

பெயரளவு வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: பழுதுபார்ப்பு யார் பொறுப்பு? முழுப் பழுதும் உங்கள் தலையில் என்றால், நூறு ஆண்டுக் கூரையைப் பரிசாகப் பெற்றிருக்கிறீர்கள். வாங்கவே கூடாத பரிசு. ஆறு மாத அறிவிப்பில் உரிமையாளர் வெளியேற்றலாம் என்ற பிரிவு இருந்தால் அது எத்தனை ஆண்டுக் குத்தகையாக இருந்தாலும் ஆறு மாதக் குத்தகைதான். அதை நீக்க முடியாவிட்டால், மாற்று இடமும் இடமாற்றச் செலவும் உரிமையாளர் பொறுப்பு என்று எழுதிச் சேருங்கள். அமைப்பே கலைந்துபோனால் பொருள்கள் எங்கே போகும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். ஏலத்துக்குப் போகாமல் இன்னொரு பொது நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

வாய்மொழி வாக்குறுதியைப் பற்றி ஒரு சொல். தலைமை அதிகாரி நல்லவராகவே இருப்பார், உண்மையாகவே சொல்லியிருப்பார். அவர் மாற்றலாகிப் போவார்.

ஏழாம் படி: அந்தச் சுவருக்குள் அடிபட்டவர்களையும் கூப்பிடுங்கள்

காவல் நிலையம் சிலருக்குப் பெருமை, சிலருக்குக் காயம். பழைய லாக்கப்பில் அருங்காட்சியகம் வருகிறது என்றதும், அதே லாக்கப்பில் உறவினரை இழந்த குடும்பம் ஊரில் இருக்கக்கூடும். வேலை நிறுத்தத்தில் கைதானவர்கள், நள்ளிரவுச் சோதனைகளில் இழுத்துச் செல்லப்பட்டவர்கள் இருப்பார்கள். திறப்பு விழாவுக்குப் பின் அவர்களைச் சந்திப்பதைவிட, இடம் முடிவாகும் முன்பே சந்திப்பது மேல். சிலர் இடத்தையே எதிர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் ஒரு புகைப்படத்தையோ கடிதத்தையோ கொண்டுவந்து கொடுப்பார்கள், உங்கள் சேகரிப்பில் இதுவரை இல்லாத பக்கம் அது. கைதானவர் முகப்படங்களையும் பாதிக்கப்பட்டவர் பெயர்களையும் எந்த ஆண்டுக்கு முந்தையவை என்றால் காட்டலாம் என்று ஒரு விதி எழுதி, குழுவில் நிறைவேற்றி வையுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் வாகன நிறுத்தம் பற்றியும் பேசிவிடுங்கள். எதிர்ப்பு மனுக்களில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

எட்டாம் படி: குடிபெயர்தல்

புது இடத்தின் கூரை, மின்கம்பி, தீ எச்சரிக்கைக் கருவி எல்லாம் சோதனை முடியும் வரை ஒரு பெட்டியும் நகரக் கூடாது. புதுப் பூச்சும் வண்ணமும் உலர்ந்து வாடை போக சில வாரங்கள் விடுங்கள். கம்பளி, தோல், துணி ஆகியவற்றைக் காற்றுப் புகாத உறையில் அடைத்து, −30 டிகிரியில் மூன்று நாள் அல்லது −20 டிகிரியில் இரண்டு வாரம் உறையவைத்து எடுத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். இதைச் செய்யாமல் போனால் பழைய வீட்டின் அந்துப்பூச்சியும் புது வீட்டுக்குக் குடிவரும். கண்ணாடித் தகடுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிற்கவைத்து அனுப்புங்கள்.

முதலில் அலமாரிகள் போகட்டும், பிறகு காகிதம், பிறகு துணி. ஒவ்வொரு பெட்டியும் புறப்படும் இடத்தில் ஒரு கையெழுத்து, சேரும் இடத்தில் இன்னொரு கையெழுத்து. துப்பாக்கிகள் கடைசி. அவை தனி வண்டியில், உரிய அனுமதிக் கடிதத்தோடு, பட்டியலில் உள்ள வரிசை எண்ணைக் கருவியில் பொறித்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஏற வேண்டும். காப்பறைக்குள் இறக்கி, மறுபடி எண்ணி, கதவைப் பூட்டியதும் இரண்டு சாவிகளை இரண்டு பேரிடம் கொடுங்கள். பிறகு பழைய இடத்துக்குத் திரும்பிப் போய், மாடிப்படிக்கு அடியில் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். ஏதாவது ஒரு பெட்டி அங்கே மிச்சம் இருக்கும்.